அச்சாபீஸ் பையன் எழுதக் கற்ற கதை

மேகத்திலிருந்த மின்சாரத்தைப் பட்டத்து நூல் வழியே தரைக்குக் கொண்டுவந்தவர் என்றுதான் பெஞ்சமின் பிராங்க்ளினைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். கட்டடங்களுக்கு இடிதாங்கி வைக்கச் சொன்னவர் அவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். பிரான்ஸ் தேசத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் தங்கி, போரிலே திணறிக் கொண்டிருந்த தம் நாட்டுக்குப் பணமும் படையும் கிடைக்கச் செய்தவர். இத்தனை ஏற்றமும் எதனால் வந்தது என்று முதுமையில் அவரே யோசித்துப் பார்த்தார். இளமையில் வசனம் எழுதப் பழகியதே தாம் முன்னுக்கு வந்ததற்கு ஒரு முக்கியமான காரணம் என்று தம் சுயசரிதையில் எழுதி வைத்தார்.

அந்தப் பழக்கத்தை அவருக்கு எந்த உபாத்தியாயரும் சொல்லித் தரவில்லை. தாமே கண்டுபிடித்துக் கொண்டார். பிற்காலத்தில், தாம் கற்ற அந்த வழியை ஒரு பள்ளிக்கூடத்தின் பாடமுறையாகவே ஆக்கிவிடவும் பார்த்தார். மின்னலை வசப்படுத்தியவரால் அந்தப் பள்ளிக்கூடத்தை வசப்படுத்த முடியவில்லை.

மெழுகுவர்த்திக் கடை

1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தவர் பிராங்க்ளின். தகப்பனார் ஜோசையா, இங்கிலாந்தில் சாயத் தொழில் செய்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்தவர். பாஸ்டனில் சாயத்துக்குக் கிராக்கி இல்லை. ஆகவே கொழுப்பு உருக்கி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றார். இரண்டு மனைவியரிடம் அவருக்குப் பதினேழு குழந்தைகள். ஆண்பிள்ளைகளில் கடைக்குட்டி பெஞ்சமின்.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுப்பதுபோல, பிள்ளைகளில் ஒருவனைக் கோயிலுக்குக் கொடுக்க நினைத்தார் தகப்பனார். பையனைப் பாதிரியாராக்கும் எண்ணத்தோடு எட்டு வயதில் லத்தீன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பையன் வகுப்பில் முதல்வனாக வந்தான். ஆனால் கல்லூரிச் செலவை எண்ணிப் பார்த்தபோது குடும்பஸ்தருக்கு மலைப்பாகிவிட்டது. ஒரு வருஷம் முடிவதற்குள் அங்கிருந்து எடுத்து, எழுத்தும் கணக்கும் மட்டும் சொல்லித் தரும் சாதாரணப் பள்ளியில் விட்டார். கையெழுத்து அழகாக வந்தது. கணக்கில் பையன் தேறவில்லை. பத்து வயதில் படிப்பு நின்றது. திரி வெட்டுவதும், அச்சில் கொழுப்பு ஊற்றுவதும், கடையைப் பார்த்துக் கொள்வதுமாக நாள் கழிந்தது.

பையனுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. கப்பலேறி ஓடிவிடுவானோ என்ற பயம் தகப்பனாருக்கு. புத்தகம் என்றால் உயிரை விடுகிறானே, அச்சுத் தொழிலில் போடலாம் என்று தீர்மானித்தார். மூத்த மகன்களில் ஒருவனான ஜேம்ஸ் 1717-ல் இங்கிலாந்திலிருந்து அச்சு யந்திரமும் எழுத்துக்களும் கொண்டுவந்து பாஸ்டனில் அச்சுக்கூடம் வைத்திருந்தான். பன்னிரண்டு வயதில், இருபத்தொரு வயது வரை தம்பி அண்ணனிடம் தொழில் பழக வேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று.

அச்சாபீஸில் சேர்ந்ததும் பையனுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது. கலங்கரை விளக்கத்துக் காவலர் குடும்பத்தோடு கடலில் மூழ்கிய துயரத்தைப் பற்றி ஒரு சிந்து. கறுந்தாடி என்ற கடற்கொள்ளைக்காரன் பிடிபட்டதைப் பற்றி இன்னொன்று. அண்ணனே அச்சடித்து, தம்பியையே தெருவில் விற்று வரச் சொன்னான். முதல் பாட்டு பிரமாதமாக விற்றது. தலை கொஞ்சம் கனத்த சமயத்தில் தகப்பனார் குறுக்கிட்டார். பாட்டின் லட்சணத்தைப் பிட்டுப் பிட்டு வைத்து, பாட்டுக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பிச்சைக்காரர்களாகவே முடிகிறார்கள் என்றும் எச்சரித்தார். அதோடு அந்தச் சபலம் அடங்கியது.

தகப்பனார் கண்ட குறை

பையனுக்கு ஜான் காலின்ஸ் என்று ஒரு தோழன். இருவருக்கும் தர்க்கம் என்றால் சோறு வேண்டாம். ஒரு நாள், பெண்களுக்கு உயர்ந்த கல்வி தகுமா என்று பேச்சு வந்தது. தகாது, அவர்களுக்கு அந்தச் சக்தியே கிடையாது என்றான் காலின்ஸ். பெஞ்சமின் பெண்கள் பக்கம் பேசினான். தோழனுக்கு நாக்கு வன்மை அதிகம். நியாயம் தன் பக்கம் இருந்தும் அவனுடைய சொல்மாரியில் தான் அமிழ்ந்து போவதாகப் பையனுக்குப் பட்டது. ஆகவே, வாதத்தைக் காகிதத்தில் எழுதி அனுப்பினான். பதில் வந்தது. இப்படி இரு தரப்பிலும் மூன்று நான்கு கடிதங்கள் போய் வந்தன.

அந்தக் காகிதங்கள் தற்செயலாகத் தகப்பனார் கையில் சிக்கின. பெண் கல்வி நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. மகன் எழுதியிருந்த முறையை மட்டும் எடுத்துக் கொண்டார். எழுத்துப் பிழை இல்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் இடத்தில் இருக்கின்றன. அது அச்சாபீஸ் கொடுத்த வரம். ஆனால் சொல்லில் நயமில்லை, விஷயத்தில் ஒழுங்கில்லை, படித்ததும் தெளிவாக விளங்கவில்லை. வரி வரியாகக் காட்டி இதை அவர் நிரூபித்தபோது மகனால் மறுக்க முடியவில்லை. மெழுகுவர்த்தி வியாபாரியிடம் இப்படி ஒரு விமரிசகர் ஒளிந்திருந்தது பெரிய பாக்கியம். மகனைப் புகழ்ந்துவிட்டுப் போயிருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும்.

அந்தச் சமயத்தில் ஸ்பெக்டேட்டர் என்ற லண்டன் பத்திரிகையின் ஒரு தொகுதி பையனுக்குக் கிடைத்தது. மூன்றாவது தொகுதி மட்டும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அடிசனும் ஸ்டீலும் 1711-லும் 1712-லும் நாள்தோறும் நடத்திய பத்திரிகை அது. ஊர் நடப்பு, மனிதர் குணம், நாடகம், நாகரிகம் எல்லாவற்றையும் பற்றிச் சிறு சிறு வியாசங்கள். திரும்பத் திரும்பப் படித்தான். இப்படி எழுத வேண்டும் என்ற ஆசை பிறந்தது. ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பார்த்துக் காப்பியடிப்பார்கள். இவன் வேறு வழி பிடித்தான்.

ஒரு வியாசத்தை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு சொல்லில் குறித்துக் கொண்டான். குறிப்பைச் சில நாள் அப்படியே கிடக்க விட்டான். வியாசத்தின் சொற்கள் மனத்திலிருந்து நழுவிய பிறகு, குறிப்பை மட்டும் வைத்துக் கொண்டு, புத்தகத்தைத் திறக்காமல், முழு வியாசத்தையும் தன் சொல்லில் எழுதினான். பிறகு அச்சிலுள்ளதோடு ஒப்பிட்டுத் தவறுகளைத் திருத்தினான். சொல் பஞ்சம் தெரிந்தது. பாட்டு எழுதுவதை விடாமல் இருந்திருந்தால் அளவுக்கும் ஓசைக்கும் ஏற்ற சொல்லைத் தேடித் தேடிச் சொற்செல்வம் சேர்ந்திருக்குமே என்று தோன்றிற்று. ஆகவே, சில கதைகளைப் பாட்டாக்கினான். பாட்டு ஓரளவு மறந்த பின் அதையே மீண்டும் வசனமாக்கினான்.

தகப்பனார் சொன்ன மற்றொரு குறை பாக்கி இருந்தது: ஒழுங்கு. அதற்கு அவன் கண்ட வைத்தியம்தான் விசேஷமானது. குறிப்புகளை முன்பின்னாகக் கலைத்துப் போட்டுவிடுவான். சில வாரம் கழித்து, எது முதலில் வர வேண்டும், எது அதன் பின்னே வர வேண்டும் என்று யோசித்து வரிசைப்படுத்துவான். வரிசை சரிப்பட்ட பிறகே வாக்கியம் எழுத உட்காருவான். எழுதி முடித்து மூலத்தோடு ஒப்பிடுவான்.

உதாரணமாக, நான்கு குறிப்புகள் கலைந்து கிடக்கின்றன என்று வைத்துக் கொள்ளலாம். கடன்காரன் வாசலில் நிற்கிறான். வீட்டுக்காரன் பொய் சொல்லி அனுப்புகிறான். கடையில் ஒரு சாமான் மலிவாகக் கிடைத்தது. அதற்குக் கையில் காசில்லை. மலிவிலே ஆரம்பித்தால் காசில்லாமை, கடன், பொய் என்று ஒரு படி மற்றொரு படிக்கு இறக்கிவிடும். பாராவைப் படிக்கிறவன் தானாக இறங்கி வருவான். பொய்யிலே ஆரம்பித்தாலும் தவறில்லை. ஆனால், இந்தப் பொய் எங்கே முளைத்தது என்று அடுத்த வரியே திரும்பிப் பார்க்க வேண்டும். பாரா முழுவதும் வேறு மாதிரி கட்டப்பட வேண்டும். இரண்டுமில்லாமல், கடன்காரனைச் சொல்லி, மலிவைச் சொல்லி, பொய்யைச் சொல்லி, கடைசியில் காசில்லாததைச் சொன்னால், நான்கும் உண்மையாக இருந்தும் படிக்கிறவன் தடுக்கி விழுவான். சொல் அத்தனையும் நல்ல சொல்லாக இருந்தும் எழுத்து விளங்காமல் போவதற்கு இதுதான் காரணம் என்பதைப் பாஸ்டன் பையன் தானாகவே கண்டுகொண்டான். பகலெல்லாம் எழுத்தைக் கோர்ப்பதும், அச்சடித்த பின் பிரித்து அறைகளில் போடுவதுமே அவன் தொழில். இராத்திரியில் கருத்துக்களைப் பிரித்துக் கோர்த்தான்.

ஒப்பிட்டுப் பார்க்கும்போது தன் எழுத்தில் தப்புகள் நிறைய அகப்பட்டன. அபூர்வமாகச் சில சில்லறை இடங்களில், மூலத்தைவிடத் தான் எழுதியதே மேல் என்று தோன்றும். அந்த நினைப்பே அடுத்த இராத்திரிக்குத் தெம்பு கொடுக்கும்.

நேரம் ஏது? வேலை முடிந்த இரவு, வேலை தொடங்குமுன் விடியற்காலை, கோயிலுக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்த ஞாயிற்றுக்கிழமை. பதினாறு வயதில் மாமிசம் சாப்பிடுவதை விட்டான். சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியைத் தன் கையில் கொடுத்தால் போதும், தானே சாப்பிட்டுக் கொள்வதாக அண்ணனிடம் பேசினான். அந்தப் பாதியிலும் பாதி மிச்சமாயிற்று, புத்தகம் வாங்கினான். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஒரு ரொட்டித் துண்டு, ஒரு பிடி உலர்ந்த திராட்சை, ஒரு குவளைத் தண்ணீர். மிகுந்த நேரத்தில் படிப்பு.

கதவிடுக்கில் போட்ட கடிதம்

ஜேம்ஸ் 1721-ல் ஒரு பத்திரிகை தொடங்கினான். அண்ணனுடைய சிநேகிதர்கள் கூடிப் பேசி அதற்கு எழுதினார்கள். தம்பி எழுதினான் என்று தெரிந்தால் அண்ணன் போடமாட்டான். 1722-ல், கையெழுத்தை மாற்றி எழுதிய ஒரு கடிதத்தை இராத்திரியில் அச்சுக்கூடக் கதவின் கீழே தள்ளிவிட்டான் பையன். சைலன்ஸ் டூகுட் என்ற கற்பனை விதவை எழுதியதாகக் கடிதம். காலையில் அண்ணனும் நண்பர்களும் படித்து மெச்சினார்கள். யார் எழுதியிருக்கலாம் என்று ஊகித்து, ஊரிலுள்ள படிப்பாளிகளின் பெயர்களாகச் சொல்லிக் கொண்டிருந்தார்கள். அச்சுக் கோர்த்துக் கொண்டே காதைத் தீட்டிக் கேட்டுக் கொண்டிருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்! அதைப்போல் பதினான்கு கடிதங்கள் வெளிவந்தன. ஒன்றில் ஹார்வர்டு கல்லூரியையே கேலி செய்தாள் அந்த விதவை. பணக்காரர்கள் தங்கள் மந்தபுத்திப் பிள்ளைகளைப் பணம் கட்டி அங்கே அனுப்புகிறார்கள்; அவர்கள் அதே மந்தத்தோடு கர்வத்தையும் சேர்த்துக் கொண்டு திரும்புகிறார்கள் என்பது கேலியின் சாரம். கல்லூரி வாசலைப் பணமில்லாமல் இழந்த பையனுடைய பேனா அது.

குட்டு வெளிப்பட்ட பிறகு அண்ணனுக்குப் பொறாமை. அடியும் விழுந்தது. 1723-ல் பதினேழு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் பிலடெல்பியாவுக்கு ஓடினான்.

அங்கே அவர் அச்சுத் தொழிலில் தலையெடுத்ததும், 1729-ல் ஒரு பத்திரிகையை வாங்கி நடத்தியதும், 1732 முதல் ஏழை ரிச்சர்டு என்ற பெயரில் பஞ்சாங்கம் வெளியிட்டதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவ்வளவாகத் தெரியாதது ஒன்று உண்டு. 1727-ல் தம்மைப்போன்ற தொழிலாளி நண்பர்களைச் சேர்த்து அவர் ஒரு சங்கம் அமைத்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வோர் அங்கத்தினரும் தாமே ஒரு வியாசம் எழுதி வந்து படித்தாக வேண்டும் என்பது விதி. கண்ணாடி வேலைக்காரரும் செருப்புத் தொழிலாளியும் எழுதினார்கள். பள்ளிக்கூடம் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர் வாத்தியாராகிவிட்டார் என்று சொல்ல வேண்டும்.

லத்தீனுக்கு இருநூறு, ஆங்கிலத்துக்கு நூறு

நாற்பத்திரண்டாவது வயதில், 1748-ல், அச்சுத் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டுப் பொதுக் காரியத்தில் இறங்கினார். 1749-ல் பிலடெல்பியாவில் ஒரு கல்விச் சாலை வேண்டும் என்று யோசனை எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் உயர்ந்த படிப்பு என்றால் லத்தீனும் கிரேக்கமும்தான். பிள்ளைகள் பேசுகிற ஆங்கிலத்தை ஒரு பாடமாக யாரும் மதிக்கவில்லை. அது தானாக வந்துவிடும் என்று நினைத்தார்கள். பிராங்க்ளின் விரும்பியதோ ஆங்கிலப் பள்ளி. கடைக்காரர் பிள்ளையும் கைத்தொழிலாளி பிள்ளையும் தன் தாய்மொழியில் தெளிவாக எழுதவும் பேசவும் கற்று வெளியே வர வேண்டும். ஆனால் பள்ளிக்குப் பணம் கொடுக்க வேண்டிய தனவந்தர்கள் லத்தீனும் இருந்தே தீர வேண்டும் என்றார்கள். அவர் இணங்கினார். அந்த இணக்கமே வினையாயிற்று.

1751-ல் பள்ளி திறந்தது. ஆங்கிலப் பள்ளிக்கு அவர் வகுத்த ஆறு வகுப்புத் திட்டத்தைப் படித்தால், பாஸ்டன் அச்சாபீஸ் இரவுகள் அதில் அப்படியே இருக்கின்றன. முதலில் எழுத்துப் பிழையின்றி எழுதுதல். இரண்டிரண்டு பிள்ளைகளாகப் போட்டி. அடுத்து, பொருள் விளங்கும்படி வாய்விட்டுப் படித்தல். நாலாம் வகுப்பில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுத வேண்டும். நடந்த சம்பவத்தைப் பற்றியோ, படித்த கதையைப் பற்றியோ. உபாத்தியாயர் திருத்துவார். ஐந்தாம் வகுப்பில் வியாசம். இங்கேதான் அவர் தம் ரகசியத்தை அவிழ்த்தார். ஸ்பெக்டேட்டர் வியாசம் ஒன்றின் கருத்தைக் கொடுத்து, பிள்ளை தன் சொல்லில் எழுதட்டும். வளவளவென்று எழுதும் ஆசிரியரின் ஒரு பாராவைக் கொடுத்துச் சுருக்கச் சொல்லுங்கள். இறுக்கமாக எழுதியதைக் கொடுத்து விரிக்கச் சொல்லுங்கள். சில சமயம் பாட்டும் எழுதட்டும். கவிகளாக்குவதற்கு அல்ல, சொல்வளம் சேர்வதற்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு தலைப்பைக் கொடுத்து, எழுது என்று விட்டால் பிள்ளை பாதி நேரம் என்ன சொல்வது என்றே திண்டாடும். எப்படிச் சொல்வது என்பதற்கு நேரம் இராது. பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் முழு முயற்சியும் கட்டுக்கோப்பிலே செல்லும். திட்டத்தில் ஒரு பெருங்குறையும் உண்டு. பேச்செல்லாம் பையன்களைப் பற்றித்தான். காலின்ஸோடு மல்லுக்கு நின்று வாதாடிய அந்தக் கட்சி ஆங்கிலப் பள்ளியின் ஆறு வகுப்பில் ஒன்றிலும் காணோம்.

தர்மகர்த்தாக்கள் ஆரம்பத்திலேயே ஓரவஞ்சனை காட்டினார்கள். லத்தீன் உபாத்தியாயருக்குத் தலைமைப் பட்டமும் ஆண்டுக்கு 200 பவுன் சம்பளமும். ஆங்கில உபாத்தியாயருக்குப் பட்டமில்லை, 100 பவுன்தான். லத்தீன், கிரேக்கப் புத்தகங்கள் முதலியவற்றுக்கு 100 பவுன் ஒதுக்கினார்கள். ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒன்றுமில்லை. அப்படியும் முதல் ஆங்கில உபாத்தியாயர் டேவிட் ஜேம்ஸ் டவ் கெட்டிக்காரர். அவரிடம் தொண்ணூறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ந்தார்கள் என்று பிராங்க்ளின் பிற்பாடு குறித்திருக்கிறார். டவ் தனியாகப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி நடத்தினார். அதனால் வேலை கெடுகிறது என்று தர்மகர்த்தாக்கள் முகம் சுளிக்க, 1753-ல் விலகினார். அவருக்குப் பின் வந்தவர் எபனீசர் கின்னர்ஸ்லி. மின்சார ஆராய்ச்சியில் பிராங்க்ளினின் துணைவர். அவர் 1772 வரை இருந்தார். பள்ளி தேய்ந்துகொண்டே வந்தது.

தட்டிக் கேட்க வேண்டியவர் ஊரில் இல்லை. 1756-லேயே தர்மகர்த்தாக் குழுவின் தலைமை அவரை விட்டுப் போயிற்று. 1757 முதல் இடையில் ஓரிரு ஆண்டு தவிர 1775 வரை லண்டன் வாசம்; பிறகு பிரான்ஸ். எழுத்து மட்டும் நின்றதில்லை. 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தை ஜெபர்சன் வரைந்தபோது திருத்தும் குழுவில் இவரும் இருந்தார். பிறர் தம் எழுத்தை வெட்டுவதைக் கண்டு ஜெபர்சன் நெளிந்து கொண்டிருந்தார். அப்போது பக்கத்திலிருந்த பிராங்க்ளின் அவருக்கு ஒரு தொப்பிக்காரன் கதையைச் சொன்னாராம். தொப்பி செய்து ரொக்கத்துக்கு விற்கப்படும் என்று கடைப் பலகைக்கு வாசகம் தயார் செய்தான் ஒருவன். தொப்பிப் படமும் உண்டு. நண்பர்களிடம் காட்டினான். இது வேண்டாம், அது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு சொல்லை அடிக்க, கடைசியில் மிஞ்சியது அவன் பெயரும் தொப்பிப் படமும்தான்.

1785-ல் ஊர் திரும்பியபோது வயது 79. மூத்திரப்பையில் கல். 1789-ல் வலி தாளாமல் அபின் மருந்து சாப்பிட்டுப் பெரும்பாலும் படுக்கையில் கிடந்தார். அந்த நிலையில், ஜூன் மாதத்தில், பள்ளியின் பழைய குறிப்பேடுகளை ஆதாரமாகக் காட்டி, ஸ்தாபகர்களின் நோக்கம் எப்படிக் கைவிடப்பட்டது என்று ஒரு நீண்ட முறையீடு எழுதினார். நாற்பது ஆண்டுத் தீர்மானங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்கிறது. நடுவே ஒரு வேடிக்கை. பாரிஸ் கனவான்கள் பொய்மயிர் கலையாமல் இருப்பதற்காகத் தொப்பியைத் தலையில் வைக்காமல் அக்குளில் இடுக்கிக் கொண்டு திரிவார்கள். லத்தீனும் கிரேக்கமும் இக்காலத்தில் அந்த அக்குள் தொப்பிதான் என்றார். முடிவில் வேடிக்கை இல்லை. தம்மோடு பள்ளியைத் தொடங்கிய நண்பர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்காக நியாயம் கேட்க எஞ்சியிருக்கும் ஒரே நாக்கு தம்முடையது என்பதுபோல் எழுதினார். பலன் ஒன்றும் ஏற்படவில்லை.

சுயசரிதையும் முடியவில்லை. 1771-ல் இங்கிலாந்தில் ஒரு நண்பர் வீட்டில் அதை ஆரம்பித்தபோது, முதலில் சொல்ல வேண்டிய விஷயங்களைத் துண்டு துண்டாக ஒரு தாளில் குறித்துக் கொண்டார். பக்கத்தை நீளவாட்டில் இரண்டாக மடித்து, ஒரு பாதியில் எழுதி, மறு பாதியைத் திருத்தங்களுக்காகக் காலியாக விட்டார். போர்க் காலத்தில் அந்தக் கைப்பிரதி கைமாறி, பிலடெல்பியாவில் ஒரு நண்பரிடம் கிடைத்தது. அவர் பழைய குறிப்பின் நகலையும் அனுப்பி, மீதியையும் எழுதும்படி தூண்டினார். 1784-லும் 1788-லும் தொடர்ந்து, 1790 ஏப்ரல் 17-ந் தேதி அவர் காலமானபோது கதை ஐம்பது வயதைச் சற்றுத் தாண்டிய இடத்தில் நின்றது.

அவருடைய உயிலில் பெயருக்கு அடுத்தபடி எழுதியிருப்பது அச்சுத் தொழிலாளி என்ற சொல். ஸ்தானாதிபதிப் பதவியெல்லாம் அதற்கு அப்புறம்தான். பாஸ்டன் இலவசப் பள்ளிகளுக்கு அதில் 100 பவுன் எழுதி வைத்தார். அதன் வட்டியிலிருந்து நல்ல மாணவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் வழங்க வேண்டும் என்பது நிபந்தனை. காரணத்தையும் குறித்திருக்கிறார்: தமக்கு முதன்முதல் எழுத்தறிவித்தவை அந்த ஊர்ப் பள்ளிகள். ஒரு வருஷம்கூட முழுசாகப் படிக்காத அந்த லத்தீன் பள்ளியையும் சேர்த்தே நன்றி சொல்லியிருந்தார். 1793 முதல் பதக்கம் வழங்கப்பட்டது.